வக்கீல் பார்க்கப் போனோம்

எனக்குக் கல்யாணம் ஆன விஷயத்தைக் கம்பெனிக்குக் காட்டிக்கொடுத்தது என் புருஷன்தான். வேண்டுமென்று செய்யவில்லை. சந்தோஷத்தில் செய்தார். சந்தோஷம் வந்தால் மனுஷனுக்கு மூளை வேலை செய்யாது என்பதற்கு அவரைவிட நல்ல சாட்சி புதுச்சேரியில் கிடையாது.

தட்டாஞ்சாவடி இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஸ்விட்ச் செய்யும் கம்பெனி ஒன்றில் நான் வேலை பார்த்தேன். பித்தளைத் துண்டை வைத்து, அதன் மேல் ஸ்பிரிங்கை நிறுத்தி, பிளாஸ்டிக் மூடியைப் போட்டு அமுக்கினால் 'டக்' என்று உட்காரும். நாள் முழுக்க அந்த டக், டக்தான். எங்கள் செக்‌ஷனில் எல்லோரும் பெண்கள். அதிலும் எல்லோரும் கல்யாணம் ஆகாத பெண்கள். கல்யாணம் ஆனவள் லீவு கேட்பாள், பிள்ளை பெறுவாள், அப்புறம் பிள்ளைக்குக் காய்ச்சல் என்பாள் என்று மேனேஜருக்கு ஒரு கணக்கு. இதை யாரும் எழுதி ஒட்டவில்லை. ஆனால் காவல்காரர் முதல் கேன்டீன்காரம்மா வரை எல்லோருக்கும் தெரியும். கல்யாணப் பத்திரிகை வைத்த பெண்ணுக்கு ஸ்வீட் பாக்ஸ் ஒன்றைக் கையில் கொடுத்து, எல்லோரும் கைதட்டி அனுப்பி வைப்பார்கள். அவளும் சிரித்துக்கொண்டே போய்விடுவாள்.

நான் போவதாக இல்லை. எனக்கு அந்த வேலை வேண்டும். அதனால் பத்திரிகையே அடிக்கவில்லை. வில்லியனூர்ப் பக்கம் எங்கள் ஊர்க் கோயிலில் ஞாயிற்றுக்கிழமை தாலி கட்டிக்கொண்டேன், திங்கட்கிழமை வேலைக்குப் போய்விட்டேன். தாலியைச் சுடிதாருக்குள்ளே தள்ளி, மெட்டியைக் கழற்றிப் பர்ஸில் போட்டு, எஸ்டேட் முனையில் வண்டியை நிறுத்தி வகிட்டுக் குங்குமத்தைத் துடைத்துவிட்டு உள்ளே போவேன். சாயங்காலம் அதே முனையில் நின்று மெட்டியை மாட்டிக்கொள்வேன். பகலில் குமரி, பொழுது சாய்ந்தால் குடும்பஸ்திரீ. முதல் வாரம் எனக்கே சிரிப்பாக இருந்தது.

என் புருஷனுக்கு அதே எஸ்டேட் முனையில்தான் டூவீலர் மெக்கானிக் ஷெட். என் ஸ்கூட்டர் மக்கர் பண்ணிப் பண்ணித்தான் எங்கள் காதலே வளர்ந்தது. நல்லாயிருந்த வண்டியை ரிப்பேர் என்று சொல்லி நானே தள்ளிக்கொண்டு போன நாளும் உண்டு. அந்த மனுஷன் ஒரு நாள் ராத்திரி, மாலையும் கழுத்துமாக நாங்கள் நிற்கிற போட்டோவை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டுவிட்டார். எங்கள் சூப்பர்வைசரும் அவரிடம்தான் வண்டி விடுகிறார், அவர் நம்பரும் தன் போனில் இருக்கிறது என்பது என் புருஷனுக்கு ஞாபகமே இல்லை.

மறுநாள் சூப்பர்வைசர் போனை என் முகத்துக்கு நேராக நீட்டினார்.

"இது யாரு?"

"நான்தான் சார்."

"பக்கத்துல?"

பக்கத்தில் யாரென்று அவருக்குத் தெரியாதா? கார்புரேட்டர் கழுவிக் கொடுத்தவரை அடையாளம் தெரியாதா? எனக்கு வந்ததே கோபம்! ஆனால் வாயை மூடிக்கொண்டேன். மேனேஜர் ரூமுக்குக் கூப்பிட்டார்கள். அவர் எழுந்து நின்று கை கூப்பி, "வாழ்த்துகள்மா. நாளையிலேர்ந்து வீட்டைப் பார்த்துக்க" என்றார். மேஜை மேல் ஸ்வீட் பாக்ஸ் தயாராக இருந்தது. அதை அங்கேயே வைத்துவிட்டு வெளியே வந்தேன். எனக்கு நல்ல பசி, அது வேறு விஷயம்.

நேராக ஷெட்டுக்குப் போய் அவரைப் பிடிபிடியென்று பிடித்தேன். "யோவ், உனக்கு அறிவு இருக்கா? உன்னை எவன்யா போட்டோ போடச் சொன்னான்?" கையில் ஸ்பேனரோடு நின்றவர், "போட்டோவுல நீ ரொம்ப அழகா இருந்தடி" என்றார். இப்படிச் சொல்கிறவரை மேற்கொண்டு எப்படித் திட்டுவது? திட்டினேன், அது வேறு. ஆனால் பாதியில் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தவள் எங்கள் செக்‌ஷன் அக்கா. எனக்குப் பக்கத்து சீட். நாற்பதை நெருங்கியும் கல்யாணம் ஆகாமலேயே நின்றுபோனவள் என்று எல்லோருக்கும் அவள் மேல் ஒரு பாவம். யாருக்காவது நிச்சயம் ஆனால் அவள் முன்னால் பேச மாட்டோம். அவள் மனசு கஷ்டப்படுமாம். அவ்வளவு நல்ல பெண்கள் நாங்கள்.

"வக்கீலைப் பார்க்கலாம்டி" என்றாள் அக்கா, செருப்பைக்கூடக் கழற்றாமல்.

எங்கள் வீட்டில் வக்கீல் என்றால் வரப்புத் தகராறுதான். அதற்கு மேல் யாரும் வக்கீல் முகத்தைப் பார்த்ததில்லை. என் அப்பா போனிலேயே கும்பிட்டார். "வேணாம்மா. கேஸு போட்ட பொண்ணுன்னு பேர் வந்தா வேற எவனும் சேக்க மாட்டான்." மாமியாரும் அதையே சொன்னார். அக்கா மட்டும் விடவில்லை. லாஸ்பேட்டையில் ஒரு வக்கீலம்மா இருக்கிறார், வேலையை விட்டு அநியாயமாகத் தூக்கினால் அந்தம்மாதான் கேஸ் எடுத்து நடத்துவார், பக்கத்து பிஸ்கட் கம்பெனியில் ஒரு பெண்ணுக்கு வேலை திரும்ப வாங்கிக் கொடுத்திருக்கிறார் என்று எல்லாம் விசாரித்து வைத்திருந்தாள். போன் நம்பரும் வைத்திருந்தாள். அப்போதே போட்டுப் பேசினாள். வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு வீட்டுக்கு வரச் சொன்னார்கள்.

"வெறுங்கையோட போவக் கூடாதுடி" என்றாள். எங்கள் பக்கத்துப் பழக்கம் அது. ஒருவரிடம் காரியமாகப் போனால் தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், பூ வைத்துக் கொடுத்துவிட்டுத்தான் வாயைத் திறப்போம். டாக்டரிடம் மட்டும்தான் வெறுங்கையோடு போவோம், அதுவும் அவர் பழத்தைத் திரும்ப நமக்கே எழுதிக் கொடுப்பார் என்பதால். அக்கா எவர்சில்வர் தட்டு ஒன்றில் ஆப்பிள், சாத்துக்குடி, வாழைப்பழம், நாலு முழம் மல்லிகை என்று அடுக்கிவிட்டாள். "நம்மள யாரும் வக்கத்தவங்கன்னு நினைக்கக் கூடாது" என்று பட்டுப்புடவையும் கட்டிக்கொண்டு வந்தாள். என்னையும் கட்ட வைத்தாள். என் புருஷனிடம் பட்டு வேட்டியும் கல்யாணச் சட்டையும் தவிர கிரீஸ் படாத துணியே கிடையாது. வெள்ளிக்கிழமையாதலால் நெற்றியில் சந்தனம் வேறு. புறப்படும்போது கண்ணாடி முன்னால் நின்ற நான், யோசிக்காமலேயே தாலியை ரவிக்கைக்குள் தள்ளினேன். மெட்டியும் பர்ஸில்தான் இருந்தது. கைக்கு அப்படிப் பழகிப்போயிருந்தது.

டெம்போ பிடித்து லாஸ்பேட்டையில் இறங்கினோம். இஸ்திரி வண்டிக்காரரிடம் கேட்டதற்கு ஒரு மாடி வீட்டைக் காட்டினார். கேட்டில் வக்கீல் போர்டு இல்லை. போர்டு மாட்டிய கம்பி மட்டும் தொங்கியது. சரியான வீடுதானா என்று நாங்கள் தயங்குவதற்குள் கதவு திறந்தது. அறுபது வயசு அம்மா ஒருவர் வாசலுக்கே ஓடிவந்தார்.

"வாங்க, வாங்க, வாங்க! வீடு கண்டுபிடிக்கக் கஷ்டமா இருந்துச்சா? உள்ள வாங்க தம்பி!"

அக்கா என் காதில் கிசுகிசுத்தாள். "பாத்தியா? பெரிய வக்கீல்னா மரியாதையும் பெருசா இருக்கும்."

ஹாலில் சுவர் நிறையப் படங்கள். நடுவில், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த சொல்தா தாத்தா ஒருவர் மெடல்களோடு முறைத்துக்கொண்டிருந்தார். எங்களை சோபாவில் உட்கார வைத்து ஃபேனைக் கூட்டினார் அந்த அம்மா. தட்டை இரண்டு கையாலும் வாங்கிச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தார். அப்புறம் கேசரி வந்தது. முந்திரிப்பருப்பு மிதக்க மிதக்க, நெய் வாசனை தூக்கும் கேசரி. வாழைக்காய் பஜ்ஜி வந்தது. சட்னி இரண்டு வகை. நான் வேலை போன துக்கத்தில் இருந்தவள், சத்தியமாகச் சொல்கிறேன், அந்த கேசரியில் துக்கம் மறந்துவிட்டது. என் புருஷன் மூன்றாவது பஜ்ஜிக்குக் கை நீட்டியபோது தொடையில் கிள்ளினேன்.

"சாப்பிடட்டும்மா, ஏன் தடுக்கிற? தம்பிக்கு என்ன தொழில்?" என்று கேட்டார் அந்த அம்மா.

"சொந்தமா ஷெட் வச்சிருக்கேங்க."

"கேள்விப்பட்டேன், கேள்விப்பட்டேன். சொந்தத் தொழில்னா நிம்மதி." அவரை மேலும் கீழும் பார்த்து, "கொஞ்சம் நிறம் கம்மி, ஆனா களையா இருக்கார்" என்றார் அக்காவிடம்.

என் கேசில் என் புருஷனின் நிறத்துக்கு என்ன வேலை என்று எனக்குப் புரியவில்லை. கோர்ட்டு சமாசாரம், எல்லாம் கேட்பார்கள் போலிருக்கிறது என்று இருந்துவிட்டேன்.

அந்த அம்மா நாற்காலியை அக்காவின் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "பொண்ணு வக்கீல்னு நீங்க யோசிக்கவே வேணாம். கல்யாணம் ஆனதும் கோர்ட்டு, கேஸு எல்லாத்தையும் விட்டுடுவா. அதுக்கு நான் பொறுப்பு. போர்டைக்கூட இன்னைக்கே கழட்டி வச்சிட்டேன்."

எனக்குத் திக்கென்றது. கழற்றி வைத்துவிட்டாரா? அப்போ என் கேஸ்? பிடித்ததே இந்த ஒரு வக்கீலை, அவரும் கல்யாணம் என்று போய்விட்டால் நான் எங்கே போவேன்? அக்காவின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. அவளுக்குப் புரிந்துவிட்டது. எனக்கு இன்னும் புரியவில்லை.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஸ்கூட்டர் நின்றது. ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி, வெள்ளைப் புடவையும் கறுப்புக் கோட்டுமாக ஒரு பெண் உள்ளே வந்தார். முப்பது வயசு இருக்கும். எங்களைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், கேசரியைப் பார்த்தார்.

"யாரும்மா இவங்க?"

"கத்தாதடி. முன்னாடியே சொன்னா நீ ஓடிப்போயிடுவன்னுதான் சொல்லல. மாப்பிள்ளை வீட்டுலேர்ந்து வந்திருக்காங்க. இவங்க அவரோட அக்கா, இது தங்கச்சி. நீ மாப்பிள்ளைய நல்லா பாத்துக்க" என்று என் புருஷனைக் கை காட்டினார்.

எனக்கு எங்கிருந்து அந்தக் குரல் வந்ததென்று தெரியாது. சோபாவை விட்டு எழுந்து நின்று, "எந்த மாப்பிள்ளை? யாருக்கு மாப்பிள்ளை? இவரு என் புருஷன்!" என்று ஒரு சத்தம் போட்டேன். ரவிக்கைக்குள் கையை விட்டுத் தாலியை வெளியே இழுத்து எல்லோருக்கும் காட்டினேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து வெளி மனிதர்கள் முன்னால் அதை எடுத்துக் காட்டியது அதுதான் முதல் தடவை. என் புருஷன் வாயில் பஜ்ஜியோடு அப்படியே உறைந்துபோயிருந்தார்.

வக்கீலம்மா ஹெல்மெட்டைத் தரையில் வைத்துவிட்டுச் சிரித்தார் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு! சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஆறு மணி கிளையன்ட்டா நீங்க? தட்டாஞ்சாவடியா?" அக்கா தலையாட்டினாள். அவரைப் பார்த்து எனக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பஜ்ஜியை விழுங்கிய என் புருஷன், "நானும் ஏன் இவ்வளவு கவனிக்கிறாங்கன்னு நினைச்சேன்" என்றார். அந்த அம்மா மட்டும் சிரிக்கவில்லை. காலியாகிப்போன கேசரிக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்தபடி வக்கீலம்மா என்னிடம் கேட்டார். "சரி, தாலிய ஏன் உள்ள போட்டு மறைச்சிருந்தீங்க?"

அதைச் சொல்லத்தானே வந்தோம்? அங்கேயே நின்றபடி எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்பிரிங், மெட்டி, ஸ்டேட்டஸ், ஸ்வீட் பாக்ஸ் எல்லாம். கேசரிக் கிண்ணத்தோடு சமையல்கட்டுக்குப் போகக் கிளம்பிய அம்மா பாதியில் நின்றுவிட்டார்.

"கல்யாணம் பண்ணிக்கிட்டதுக்கா வேலைய விட்டு அனுப்பினான்? அவன் ஆத்தா கல்யாணம் பண்ணாமயா அவனப் பெத்தா? ஒரு பொண்ணு படிச்சு, கத்துக்கிட்டு, நாலு காசு சம்பாதிச்சா, கல்யாணம் ஆயிடுச்சுன்னு எல்லாத்தையும் விட்டுடணுமா? இது எந்த ஊரு நியாயம்?"

வக்கீலம்மா தன் அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த அம்மா முதலில் எங்களைப் பார்த்தார், அப்புறம் மகளைப் பார்த்தார், அப்புறம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

வாசலில் கார் வந்து நின்றது. இவர்கள் நிஜமான மாப்பிள்ளை வீட்டார். அவர்களும் தட்டோடுதான் வந்தார்கள். ஆனால் அவர்களுக்கு வைக்கப் பஜ்ஜி இல்லை, கேசரி இல்லை, ஒரு கரண்டி சட்னிகூட இல்லை. வக்கீலம்மா அவர்களைக் கும்பிட்டு, "உட்காருங்க, என் கிளையன்ட் காத்திருக்காங்க, பேசிட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு எங்களை மாடிக்கு அழைத்துப்போனார். அந்த மாப்பிள்ளை என் புருஷனின் பட்டு வேட்டியைச் சந்தேகமாகப் பார்த்தது எனக்கு இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது.

மாடி அறையில் அவர் கேட்ட முதல் கேள்வி: "உங்களுக்கு என்ன வேணும்? நஷ்டஈடா, வேலையா?"

"வேலைதான் மேடம்."

"திரும்பப் போனா சும்மா விட மாட்டாங்க. மூஞ்சியைக் காட்டுவாங்க."

"நானும் காட்டுவேன் மேடம்."

அதுவரை வாயே திறக்காத அக்கா கேட்டாள். "இவ ஜெயிச்சா இவளுக்கு மட்டும்தானா மேடம்? இல்ல, செக்‌ஷன்ல எல்லாருக்குமா?"

"எழுதி வாங்கும்போது எல்லாருக்கும் சேர்த்தே வாங்கலாம்" என்றார் வக்கீலம்மா. அக்கா இன்னொரு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டாள்.

மனு எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கீழே இறங்கினோம். மாப்பிள்ளையின் அம்மா கேட்டுக்கொண்டிருந்தார். "கல்யாணத்துக்கு அப்புறம் பொண்ணு கோர்ட்டுக்குப் போக மாட்டாள்ல?" நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு படியிலேயே நின்றுவிட்டேன். வக்கீலம்மாவின் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னார். "போவா. சாயங்காலம் கிளையன்ட்டும் வருவாங்க. சில நாள் வந்தவங்களுக்குக் கேசரி மிஞ்சாது. உங்களுக்குச் சம்மதமா?" அவர்களுக்குச் சம்மதம் இல்லை போலிருக்கிறது. அடுத்த தடவை நாங்கள் போனபோது கேட்டில் போர்டு இருந்தது.

கம்பெனிக்கு நோட்டீஸ் போனது. நானாகவே வேலைக்கு வராமல் நின்றுவிட்டதாகப் பதில் வந்தது. தொழிலாளர் துறை அலுவலகத்தில் சமரசப் பேச்சுக்கு நாள் குறித்தார்கள். அப்போதுதான் வக்கீலம்மா குண்டைத் தூக்கிப் போட்டார். சமரசப் பேச்சில் வக்கீல்கள் உட்காரக் கூடாதாம். ரெண்டு பக்கத்துக்கும் அதே சட்டம். நானே பேச வேண்டும். கூட வேலை செய்கிறவர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொள்ளலாம்.

"நான் பேசினா அடிதடி ஆயிடும் மேடம்" என்றேன்.

"அதுக்குத்தான் சொல்றேன், நீ பேசாத. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. அவங்கள பேச விடு. நிறையப் பேச விடு."

இதற்கு ஒத்திகை நடந்தது என் புருஷனின் ஷெட்டில். அவர் டயர் மேல் உட்கார்ந்து மேனேஜராக நடித்தார். "வாழ்த்துகள்மா" என்று ஆரம்பித்த உடனேயே எனக்கு ரத்தம் கொதிக்கும். கையில் கிடைத்த பழைய சைலன்சரைத் தூக்கிக்கொண்டு நான் பாய, அவர் டயரை விட்டு எழுந்து ஓட, வண்டி விட வந்தவர்கள் வேடிக்கை பார்க்க, ஒரு வாரம் எங்கள் ஷெட்டில் ஒரே கூத்து. கடைசியில் நாக்கைக் கடித்துக்கொண்டு உட்காரக் கற்றுக்கொண்டேன்.

துணைக்கு அக்கா வந்தாள். அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்தாள். வக்கீலம்மா எதிர் டீக்கடையில் உட்கார்ந்துகொண்டார். என் புருஷன் அவருக்குப் பக்கத்தில் நகம் கடித்துக்கொண்டிருந்தார்.

அறைக்குள் அக்காவைப் பார்த்ததும் மேனேஜருக்கு முகம் சிவந்தது. "நீ எதுக்கு வந்த? உனக்குத்தான் கல்யாணமே ஆகலையே, உனக்கு இதுல என்ன?" அக்கா தலையைக் குனிந்து, "இவளுக்காக வந்தேன் சார்" என்றாள். நான் நாக்கைக் கடித்தேன்.

அதிகாரி கண்ணாடி போட்ட, அமைதியான மனுஷர். மேனேஜர் பேச ஆரம்பித்தார். கம்பெனியின் ஒழுங்கு, உற்பத்தி, பெண்களுக்குக் கொடுக்கும் பாதுகாப்பு என்று விரித்துக்கொண்டே போனார். நானாகத்தான் வராமல் நின்றேனாம். அதிகாரி மெதுவாகக் கேட்டார். "சரி, உங்க கம்பெனியில கல்யாணம் ஆன பொண்ணுங்க எத்தனை பேரு வேலை செய்யறாங்க?"

மேனேஜர் நெஞ்சை நிமிர்த்தினார். "ஒருத்தர்கூட இல்ல சார். எல்லாம் கல்யாணம் ஆகாத பொண்ணுங்க. அவ்வளவு டிசிப்ளினா வச்சிருக்கேன்."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "அப்போ இத்தனை வருஷமா கல்யாணம் ஆன அத்தனை பேரும் தானாவே நின்னுட்டாங்களா?"

மேனேஜர் கூட அழைத்து வந்திருந்த சூப்பர்வைசரைப் பார்த்தார். சூப்பர்வைசர் ஜன்னலைப் பார்த்தார். எனக்கு எழுந்து குதிக்க வேண்டும்போல் இருந்தது. நாற்காலியின் இரண்டு கைகளையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அதற்கப்புறம் மேனேஜரின் குரல் இறங்கிவிட்டது. ஏதாவது ஒரு தொகை கொடுத்து முடித்துக்கொள்ளலாம் என்றார். அதிகாரி என்னைக் கேட்டார். வேலைதான் வேண்டும் என்றேன். "ஏம்மா, இவ்வளவு மனஸ்தாபத்துக்கு அப்புறமும் அதே இடத்துக்கா? வேற இடம் பாக்கலாமே" என்றார் அவர், அக்கறையாகத்தான்.

வக்கீலம்மா சொல்லிக்கொடுத்த பதில்கள் எல்லாம் மறந்துபோயின. "எனக்கு அந்த வேலை பிடிக்கும் சார்" என்றேன். "ஸ்பிரிங் உட்காரும்போது டக்குன்னு ஒரு சத்தம் வரும் சார். அது எனக்குப் பிடிக்கும். பக்கத்துல அக்கா இருப்பாங்க. பேசிக்கிட்டே செய்வோம். இந்த ஊர்ல பாதி வீட்டுல நான் செஞ்ச ஸ்விட்சத்தான் போட்டு லைட்டு எரிக்கிறாங்க. கல்யாணம் ஆனதும் என் கை என்ன மறந்தா போச்சு?"

அதிகாரி மேனேஜரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பேனாவை எடுத்து எழுத ஆரம்பித்தார். என்னைத் திரும்ப எடுத்துக்கொள்வதாகவும், இனிமேல் யாரையும் கல்யாணத்தைக் காரணம் காட்டி நிறுத்துவதில்லை என்றும் மேனேஜர் கையெழுத்துப் போட்டார். அந்த இரண்டாவது வரி எழுதியாகிவிட்டதா என்று அக்கா எட்டிப் பார்த்து, விரல் வைத்துப் படித்தாள். வெளியே ஓடி வந்து நான் வக்கீலம்மாவைக் கட்டிப்பிடித்ததில் அவருடைய டீ மொத்தமும் என் புருஷனின் ஒரே நல்ல சட்டையில் கொட்டியது.

திங்கட்கிழமை வேலைக்குப் போனேன். மெட்டி போட்டுக்கொண்டு, குங்குமம் வைத்துக்கொண்டு, தாலியை யூனிபார்ம் கோட்டுக்கு மேலே எடுத்துவிட்டுக்கொண்டு போனேன். காவல்காரர் சல்யூட் அடித்தார். செக்‌ஷனில் ஒரே கூச்சல். ஆளாளுக்கு வந்து தாலியைத் தொட்டுப் பார்த்தார்கள். சூப்பர்வைசர் அந்தப் பக்கமே வரவில்லை. முதல் ஸ்விட்சை அமுக்கினேன், டக் என்றது.

மத்தியானம் கம்பெனிக் கட்டடத்துக்குப் பின்னால் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். காவல்காரர் வந்து அக்காவிடம் சொன்னார். "யாரோ ஸ்கூல் பொண்ணு, ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் நிக்குது. உன் பேரைத்தான் சொல்லுது. உள்ள வான்னா வர மாட்டேங்குது."

அக்கா சோற்றுக் கையோடு எழுந்து கேட்டுக்குப் போனாள். நாங்களும் எட்டிப் பார்த்தோம். டிரான்ஸ்ஃபார்மருக்குப் பின்னால் பாதி மறைந்து, பையைக் கட்டிக்கொண்டு ஒரு பெண் நின்றது. ஒன்பதாவது பத்தாவது படிக்கிற வயசு. அக்காவின் அதே மூக்கு, அதே முன்பல்.

"வாடி" என்றாள் அக்கா.

அந்தப் பெண் ரோட்டைத் தாண்டி வந்தது. கேட்டுக்குள் கால் வைக்காமல் நின்று, எங்கள் எல்லோரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, மெதுவாகக் கேட்டது. எங்களுக்குக் காதில் விழுந்தது.

"இங்க உன்ன அம்மான்னு கூப்பிடலாமா?"

அக்கா தலையை மட்டும் ஆட்டினாள், திரும்பத் திரும்ப ஆட்டினாள். அந்தப் பெண் பிறப்பதற்கு முன்பிருந்து அவள் இந்தக் கம்பெனியில் ஸ்பிரிங் பொருத்துகிறாள். என்னைப்போலவே கல்யாணத்தை மறைத்து, பிரசவத்துக்கு மஞ்சள்காமாலை என்று சொல்லி லீவு எடுத்தாளாம், அப்புறம் சொன்னாள். எஸ்டேட் பக்கம் வந்தால் தன்னை அத்தை என்றுதான் கூப்பிட வேண்டும் என்று பேசக் கற்றுக்கொடுத்தபோதே கற்றுக்கொடுத்திருக்கிறாள். பாவி, பக்கத்து சீட்டில் இருந்த என்னிடம்கூடச் சொல்லவில்லை. வேலை போன அன்றைக்குக்கூட அழாத நான், அன்றைக்கு டிபன் பாக்ஸைக் கையில் வைத்துக்கொண்டு ஓவென்று அழுதேன்.

அக்கா மகளைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு வந்தாள். முகத்தைத் துடைத்துக்கொள்ளவில்லை.

"நகந்து உட்காருங்கடி" என்றாள். "என் பொண்ணு சாப்பிடணும்."

நாங்கள் நகர்ந்து உட்கார்ந்தோம்.